புரோஸ்டேட் பயொப்சி: பன்னிரண்டு நூலிழைகள்

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று அறிவதற்காக, அதிலிருந்து ஊசியால் மெல்லிய இழையத் துண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே புரோஸ்டேட் பயொப்சி. பாடப்புத்தகத்தில் இதற்கு முன்னிற்கும் சுரப்பி என்று பெயர். கிளினிக் வரிசையில் நிற்கும் எவரும் அப்படிச் சொல்வதில்லை.

கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக அரிசி எடுப்பவர் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டச் சொல்லமாட்டார். உள்ளே குழிவான குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால், ஒரு சிறங்கை அரிசி உள்ளங்கையில் வந்து விழும். பழக்கப்பட்டவர் ஒரே இடத்தில் குத்துவதில்லை. மேல் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. அடிப்பக்கம் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தால் மேல்குத்து அதைக் காட்டாது என்பது அவருக்குத் தெரியும். பயொப்சியின் சங்கதியும் இதுதான். ஊசி தொட்ட இடத்தைப் பற்றி அது தெளிவாகப் பேசும். தொடாத இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சுரப்பி இருக்கும் இடம் சிக்கலானது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சுற்றி, நேர்குடலுக்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. இளம் வயதில் சுமார் 20 கிராம். வயது போகப் போகப் பெருக்கும். அந்தப் பெருப்பம் பெரும்பாலும் புற்றுநோயல்ல. இரவில் நாலைந்து தரம் எழும்புவதும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதும் பெரும்பாலும் அந்தச் சாதாரண வீக்கத்தின் வேலை. புற்றுநோயோ பத்தில் ஏழு தடவை சுரப்பியின் வெளிவிளிம்பில், நேர்குடல் பக்கமாகத் தொடங்குகிறது. சிறுநீர் வழியை நெருக்காததால் தொடக்கத்தில் அது எந்தத் தொல்லையும் தராது. கபோஸ் லேன் மூலிகைக் கடையில் நெருஞ்சில் வாங்கி அவித்துக் குடித்துச் சிறுநீர் லேசாகப் போகிறதென்று ஆறுதல்படுபவர், புற்றுநோய் இல்லையென்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

பயொப்சிக்கு ஒருவரை அனுப்புவது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனைதான். அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை 1986இல் நோயாளிகளைக் கண்காணிக்கவும், 1994இல் நோயைக் கண்டறிய உதவவும் அனுமதித்தது. மில்லிலீற்றருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம் என்பது பழைய கணக்கு. ஆனால் 4க்கும் 10க்கும் இடையில் நிற்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் பயொப்சியில் புற்றுநோய் தெரிகிறது. சிறுநீர்த் தொற்றும் சாதாரண வீக்கமும் இந்த எண்ணை ஏற்றிவிடும். மறுபக்கமும் உண்டு: 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பி.எஸ்.ஏ. 4 அல்லது அதற்குக் குறைவாக இருந்த 2,950 பேரில் 15 வீதமானவர்களுக்குப் பயொப்சியில் புற்றுநோய் இருந்தது. வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் 6.2 என்று எழுதிக் கொடுத்தால் அது தீர்ப்பல்ல, 3.1 என்பதும் விடுதலைப் பத்திரமல்ல.

முன்பு விரலால் தடவிப் பார்த்து, கட்டி தட்டுப்பட்ட இடத்தில் ஊசி போட்டார்கள். 1970களில் ஜப்பானியரான ஹிரோக்கி வட்டனாபே, நடுவில் ஸ்கான் கருவி துருத்திநிற்கும் நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்து, நேர்குடல் வழியாகச் சுரப்பியைப் படம்பிடித்தார். 1989இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று, கட்டி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு இடங்களில் முறையாகக் குத்துவதைப் புகுத்தியது. குத்தூசிக்காரரின் அதே புத்தி. ஆறு போதாது, வெளிவிளிம்பு தவறிப்போகிறது என்று கண்டபின் அது 10, 12 என வளர்ந்தது.

செய்முறை நெடுநேரம் எடுப்பதில்லை. அதற்கு முன் கேள்விகள் வரும். "ஐயா, இரத்தம் உறையாமல் இருக்கிறதுக்குக் குளிசை ஏதும் போடுறீங்களா? சீனி வருத்தம் இருக்கா?" இவற்றுக்கு மறைக்காமல் பதில் சொல்லவேண்டும். விறைப்பூசி போட்டபின் வில்பொறி வைத்த ஊசி 'டக்' என்று ஒலித்து, கண் இமைப்பதற்குள் போய்த் திரும்பும். கையில் வருவது ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு நீளமும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பும் கொண்ட வெளிறிய நூல். பன்னிரண்டையும் சேர்த்தாலும், 40 மில்லிலீற்றர் பருமனுள்ள சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

பின்னர் சில நாள் சிறுநீரில் இரத்தம் தெரியலாம். விந்தில் சில வாரங்கள்கூடத் தெரியலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது அடங்கிவிடும். காய்ச்சலும் நடுக்கமும் அப்படியல்ல. நேர்குடல் வழியாகப் போகும் ஊசி குடல் கிருமியை இரத்தத்தில் சேர்த்துவிடலாம் என்பதால், காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விதைப்பைக்கும் குதத்துக்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசி செலுத்தும் முறை இன்று பல நாடுகளில் பரவுவதற்கு முக்கிய காரணம் இந்தத் தொற்றுப் பயம்தான். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சும் ஊரில் உண்டு. ஊசித்தடம் வழியே அது பரவுவது மிக மிக அரிது.

போமலின் போத்தலில் ஆய்வுகூடம் சேரும் நூல்கள் மெழுகில் பதிக்கப்பட்டு, சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றப்பட்டுக் கண்ணாடி வழுக்கியில் ஏறும். நலமான சுரப்பிக் குழாயைச் சுற்றி வெளிப்புறத்தில் அடித்தளக் கலங்களின் வரிசை ஒன்று இருக்கும். புற்றுநோயில் அந்த வரிசை காணாமல் போயிருக்கும். நோயியல் நிபுணர் தேடுவது பாதி இந்த இல்லாமையைத்தான்.

புற்றுநோய் இருந்தால் அது எவ்வளவு மூர்க்கம்? 1966இல் அமெரிக்கரான டொனால்ட் கிளீசன் வகுத்த முறை இன்றும் நிற்கிறது. அதிகம் காணப்படும் கோலத்துக்கு ஒரு எண், அடுத்ததற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டுவது. கடைக் கணக்கில் 3+4உம் 4+3உம் ஒன்றுதான். இங்கே அப்படியல்ல: இன்றைய தரப்படுத்தலில் முதலாவது இரண்டாம் தரம், மற்றது மூன்றாம் தரம், பின்னது கூடிய ஆபத்து. 3+3=6 என்பதே இன்று பயொப்சியில் வழமையாகக் கொடுக்கப்படும் மிகக் குறைந்த புள்ளி. பத்தில் ஆறு என்றால் பாதிக்கு மேல் என்று குடும்பமே கலங்கிப்போகும், ஆனால் அதுதான் முதலாம் தரம். பலருக்கு உடனடிச் சிகிச்சை தேவையில்லை, கண்காணிப்பே போதும்.

ஈரம் எங்கே என்று தெரியாமல் குத்துவதன் குறையை 2017இல் பிரித்தானியாவின் புரோமிஸ் ஆய்வு எண்ணில் காட்டியது. 576 ஆண்களில், கவலைப்படவேண்டிய புற்றுநோயில் வழமையான பயொப்சி கண்டுபிடித்தது 48 வீதம், எம்.ஆர்.ஐ. ஸ்கான் 93 வீதம். அடுத்த ஆண்டு வெளியான பிரிசிஷன் ஆய்வின் முதல் ஆசிரியர் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜைச் சேர்ந்த வீரு காசிவிஸ்வநாதன்; பெயரைப் பார்த்தால் தமிழ் வாசகர் ஒருகணம் நின்றுதான் போவார். 500 ஆண்களைக் கொண்ட அந்த ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சந்தேகமான இடத்தில் மட்டும் குத்தியபோது 38 வீதமானோரிடம் அத்தகைய புற்றுநோய் தெரிந்தது. கண்மூடிக் குத்தியபோது 26 வீதம். எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 வீதமானோருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

பயொப்சி தேவைப்படுபவருக்கு, புறக்கோட்டையிலிருந்து 1864இல் தொடங்கிய கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் சில நிமிட பஸ் பயணம்தான். அங்கே சிறுநீரக, சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. புற்றுநோய் என்று உறுதியானால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெறலாம். வடக்கில் உள்ளவர்களுக்குத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தே நிதி திரட்டினார்கள்.

பயொப்சி முடிவு பற்றி வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்க விரும்புபவர் அச்சிட்ட ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போனால் அந்த நிபுணரால் அதைத்தான் வாசிக்க முடியும். வழுக்கிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் அவரே நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். மெழுகுக் கட்டியும் கிடைத்தால் புதிதாகச் சீவி, அந்த அடித்தளக் கலங்களைக் காட்டும் விசேட சாயம் ஏற்றவும் முடியும்.