வண்டூரில் ஒரு பேரேடு

போன வாரம் தமிழ்ப் பள்ளி முடிந்து காரில் வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர்லயும் ஆமை கரைக்கு வந்து முட்டை போடுமா?"

"போடும்டா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2005-ல், சுனாமி முடிந்த சில மாதங்களில், போர்ட் பிளேருக்கு மாற்றலாகிப் போய் அங்கே ஒரு வங்கிக் கிளையில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். (2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம்.) ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலி பாய் தீவுக்குப் படகு பிடிக்க வண்டூர் போவோம். அந்தப் பக்கம் மூங்கிலும் மரமுமாகச் சில குடில்கள் இருந்தன. "யாரோ ஆராய்ச்சிக்காரங்க சார்" என்றார் ஓட்டுநர். சரி என்று தாண்டிப் போய்விட்டேன். எதைத் தாண்டிப் போனேன் என்பது இங்கே பெர்த் வந்து, புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தமிழ்நாட்டில் ஆரம்பிக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தலைமுறைகளாகப் பாம்பு பிடிப்பவர்கள். தோல் வியாபாரம்தான் வருமானம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது, இருளருக்கு அடுப்பு எரியவில்லை. சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கிய ராமுலஸ் விட்டேகர், அவர்களோடு சேர்ந்து 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். பாம்பைப் பிடி, சில வாரம் வைத்து விஷம் எடு, திரும்பக் காட்டிலேயே விடு. விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் ஏற்பாடு. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே விட்டேகர் குழுவினர் 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கியிருந்தார்கள். மகாபலிபுரம் சுற்றுலாவில் நாம் எல்லோரும் எட்டிப் பார்த்த இடம்தான். அந்த அறக்கட்டளை 1990-ல் அந்தமானில் போட்ட நாற்றுதான் வண்டூர் குடில்கள். பெயர் அந்தமான் நிகோபார் சுற்றுச்சூழல் குழு, சுருக்கமாக 'அநெட்'.

அதற்கு முன்பே ஒருவர் அங்கே நடந்து திரிந்திருந்தார். சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் விட்டவர். 1982 மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலியில் ஆமைகளுக்காகத் தன்னந்தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தை பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கையில் கரை ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்தார் என்பது கதையல்ல, நிஜம். எழுபதுகளின் கடைசியில் அந்தமான் நிகோபார் கரைகளை நடந்தே அளந்து, கிரேட் நிகோபாரில் ஏழுவரி ஆமை முட்டையிடுவதைப் பதிவு செய்தவர் இவர். லெதர்பேக் என்கிறார்களே, அதுதான். கடலாமைகளிலேயே பெரியது, ஓட்டுக்குப் பதில் தோல். சதீஷ் 2023-ல் காலமானார்.

வண்டூரில் அநெட்டுக்குக் கை கால் எல்லாம் கரேன் மக்கள். 1925-ல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக அழைத்து வரப்பட்டு, மாயாபந்தர் பக்கம் வெபி கிராமத்தில் குடியேறியவர்கள். காடும் கடலும் தெரிந்த வேட்டைக்காரர்கள். இருளர் கதையின் அதே சூத்திரம்தான். வேட்டையாடத் தெரிந்தவனுக்குத்தான் தடம் தெரியும், அந்த அறிவுக்கே சம்பளம் கொடு. குடில் கட்டியது, படகு ஓட்டியது, மாதக்கணக்கில் ஆளில்லாத கரைகளில் ஆமை எண்ணியது எல்லாம் இவர்கள்தான். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பவளப்பாறையும் சதுப்புநிலக் காடும் என்ன என்று சொல்லித் தரும் வேலையும் இதே இடத்திலிருந்து நடந்தது.

கிரேட் நிகோபாரின் கலாத்தியா வளைகுடாவில் ஆமை எண்ணும் முகாம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை அந்தக் கரையே போனது. முகாமில் இருந்தவர்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. தீவின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. நான் ஊரில் போய் இறங்கியது இதற்குச் சில மாதம் கழித்து. நிவாரணக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்த கையோடு, இந்த இழப்பை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் எண்ணுவது நிற்கவில்லை. 2008-லிருந்து லிட்டில் அந்தமானில் கணக்கெடுப்பு நடக்கிறது. அநெட்டோடு இப்போது தக்ஷிண் அறக்கட்டளை கைகோத்திருக்கிறது. ஏன் இத்தனை வருடம் எண்ண வேண்டும்? ஏழுவரி ஆமை வருடா வருடம் முட்டையிட வராது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். ஒரு வருட இருப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கடையின் நிலைமையைச் சொல்ல எந்த வங்கிக்காரனும் துணிய மாட்டான். பத்துப் பதினைந்து வருடப் பேரேடு வேண்டும்.

கலாத்தியா 1997-லிருந்து சரணாலயம். சரக்குத் துறைமுகத்துக்காக 2021 ஜனவரியில் அந்த அந்தஸ்து நீக்கப்பட்டது. அதே வருடம் மத்திய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டத்தில், முக்கியமான முட்டையிடும் கரைகளின் பட்டியலில் கலாத்தியாவும் இருக்கிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் தரப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்பதற்காவது ஒரு கணக்கு வேண்டும். அது இருப்பது, யாரோ சிலர் இரவில் டார்ச் பிடித்து நடந்ததால்தான்.

லிட்டில் அந்தமான் ஆமைகளின் முதுகில் 2011 முதல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் போயின. சில தென்கிழக்கே, மேற்கு ஆஸ்திரேலியக் கடல் வரைக்கும் வந்தன.

இதை மகளிடம் சொன்னேன். "அப்ப அது நம்ம பக்கத்து வீட்டுக்காரங்களா?" என்றாள். "வேலை பார்க்கறது இங்க, ஊர் அங்க" என்றேன்.

"நம்மள மாதிரி" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அதுங்க திரும்பிப் போறப்ப அந்த இடம் இருக்குமாப்பா?"

அடுத்த விடுமுறையில் வண்டூர் போகலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை இறங்கிப் பார்க்க வேண்டும்.