'இயற்கை' என்ற சொல்லும் பெரிலியமும்

கல்பாக்கம் பற்றிக் கேள்வி எழுப்பினால் வருகிற முதல் பதில், 'கதிரியக்கம் இயற்கையிலேயே இருக்கிறதே' என்பதுதான். வாழைப்பழத்தில் உண்டு, கருங்கல்லில் உண்டு, கொஞ்சம் வடக்கே எங்கள் நாவலூரில் பெய்கிற மழையிலும் உண்டு. உண்மைதான், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்த 'இயற்கை'யை யார், எப்போது, எதற்காக அளந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

காஸ்மிக் கதிர்கள் காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை உடைக்கும்போது பெரிலியம்-7 பிறக்கிறது. பாதியாகக் குறைய 53 நாள். கூடவே பிறக்கிற பெரிலியம்-10க்கோ பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். இரண்டும் பெரும்பகுதி உருவாவது ஸ்ட்ரேட்டோஸ்பியரில். அங்கே மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. தங்கத் தங்க முன்னது அழிகிறது, பின்னது சேர்கிறது. எனவே தரையில் பிடித்த தூசியில் 10இன் விகிதம் கூடியிருந்தால், அந்தக் காற்று மேலேயிருந்து இறங்கியது என்று படித்துவிடலாம். (நம் வெப்பமண்டலத்தில் ஸ்ட்ரேட்டோஸ்பியருக்குள் காற்று ஏறுவதுதான் அதிகம், இறக்கம் நடு அட்சரேகைகளில்.)

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேவேந்திர லால், ராமா, கோயல் முதலியோர் மழைநீரில் பெரிலியம் ஐசோடோப்புகளைக் கண்டதாக 1956இல் எழுதினார்கள். முந்திய ஆண்டே அமெரிக்காவில் அர்னால்டும் அல்-சாலியும் பெரிலியம்-7ஐ மழையில் கண்டாயிற்று. ஆக, தேசிய மார்தட்டலுக்கு இங்கே இடமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பம்பாயில் இந்த ஆய்வுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் பீட்டர்ஸ். ஜெர்மன் யூதர், நாஜிகளின் டாஹாவ் முகாமில் அடைபட்டவர், பிறகு ஓப்பன்ஹைமரின் மாணவர். 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அந்த ஆசிரியரே இவரை ஆபத்தான சிவப்பு ஆள் என்று காட்டிக்கொடுத்தார். 1951இல் பீட்டர்ஸ் பம்பாய் வந்து சேர்ந்தார். அணுகுண்டுக்காரர் கைவிட்டவருக்கு இடம் கொடுத்த நிறுவனத்தின் இயக்குநர் ஹோமி பாபா. இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவரும் அவரேதான்! நம்முடைய அறிவியல் வரலாறுகள் இந்த முடிச்சை அவிழ்க்காமலே தாண்டிப் போய்விடுகின்றன.

மேற்காற்றின் மீது ஐம்பதுகளில் அத்தனை அக்கறை ஏன்? குண்டுச் சாம்பல், வேறென்ன. ஸ்ட்ரான்சியம்-90 மேலே எத்தனை காலம் தங்கும், எங்கே இறங்கும் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. 1958இல் தீவு மக்களை அப்புறப்படுத்திய பசிபிக் பவளத்தீவுகளில் அமெரிக்கா வெடித்த குண்டுகள் விட்ட டங்ஸ்டன்-185, காற்றின் போக்கைக் காட்டும் சாயமாயிற்று. பண்டாரி, லால், ராமா மூவரின் 1966ஆம் ஆண்டுக் கட்டுரை, இயற்கை, செயற்கை என இருவகைத் தடங்காட்டிகளையும் தலைப்பிலேயே சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைத்தாலும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. எது காஸ்மிக் கதிரின் பிள்ளை, எது குண்டின் பிள்ளை என்று பிரிக்காமல் அந்த அறிவியலில் ஓர் அடி நகர முடியாது. சீசியம்-137ஐ வாழைப்பழத்தோடு ஒரே வரிசையில் உட்காரவைக்கிற அதிகாரச் சொல்லாடல் அழிப்பது இந்தப் பிரிவினையைத்தான்.

குண்டு வெடிப்பை மோப்பம் பிடிக்க, முழு அணுசோதனைத் தடை ஒப்பந்தத்தின் நிலையங்கள் உலகெங்கும் தூசியை வடிகட்டுகின்றன. பெரிலியம்-7உம் அதில் தினமும் சிக்குகிறது. அந்தக் கணக்கை வைத்துக் கேரளத்தில் பருவமழை தொடங்கும் நாளைச் சுமார் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 1996இல் ஐ.நா. பொதுச் சபையில் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த இந்தியா, இன்றுவரை அதில் கையெழுத்திடவில்லை.