தேகத்தில் தேடிய காவல்

பெண்கள் வன்கலவிக்கு ஆளாகாமல் தம்மைக் காத்துக்கொள்ளும் திறன் பரிணாமத்தால் அவர்தம் தேகத்திலேயே பதிந்து கிடக்கிறது என்னும் சித்தாந்தத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால், முதலில் நாம் சந்திப்பது ஒரு பூச்சியை. தேள் ஈ எனப்படும் அவ்வினத்தில், இணங்காத பெண்ணைப் பற்றிக்கொள்ள ஆணுக்கு உதவும் உறுப்பு அதன் முதுகில் அமைந்திருப்பதை ஆராய்ந்த நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையின் ராண்டி தார்ன்ஹில், அந்த நியாயத்தை மனித சமூகத்தின்மீதும் ஏற்றி, கிரெய்க் பாமருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

தாக்குகிறவனுக்குப் பரிணாமக் காரணம் தேடிய இம்மரபு, தப்புகிறவளுக்கும் அதையே தேடியது. 1998-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் கார்டன் கேலப்பும் அவருடன் உழைத்தவரும், 300 மாணவிகளிடம் அண்மையில் செய்த காரியங்களைப் பட்டியல் கொடுத்துக் கேட்டு, கருத்தரிக்கும் வாய்ப்பு மிகுந்த நாட்களில் இருந்தோர் அபாயமான செயல்களைக் குறைத்துக்கொண்டனர் என்று முடிவு கூறினர். 2002-இல், மாணவிகளை ஒரு கருவியை இறுகப் பற்றச் செய்து, தாக்குதலை விவரிக்கும் கதையொன்றைப் படிக்கக் கொடுத்து, மறுபடியும் பற்றச் செய்தபோது, அந்நாட்களில் இருந்தோர்க்கே பிடிவலிமை கூடிற்றென்றும் கேலப் குழுவினர் எழுதினர்.

நாட்கணக்கை நம்பி எழுப்பிய அனுமானத்துக்கு அந்த நாட்கணக்கே உறுதியான ஆதாரமன்று. 213 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்த ஆலன் வில்காக்ஸ் குழுவினர், கருத்தரிப்பு நாட்கள் முழுவதும் மாதவிடாய்ச் சுழற்சியின் பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையே அடங்குவது சுமார் 30 சதவீதத்தினருக்கே என்று 2000-இல் காட்டினர். ஜெர்மனியில் 51 பெண்களை நான்கு வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வு கேலப்பின் முதல் முடிவை ஆதரித்தது உண்மையே. ஆனால் 51 பேரின் நான்கு வாரங்களைக் கொண்டு மானிட குலத்தின் ஆதி சரித்திரத்தை நிறுவ முற்படுவதை என் மனம் ஏற்கவில்லை. மேலும், பெண்ணைத் தாக்குகிறவர்களில் மிகப் பலர் அவளுக்கு அறிமுகமானவர்களே. அன்னியனுக்கு அஞ்சி வீட்டில் தங்குகிறவளை, அவ்வீட்டுக்கே உரிமையோடு வந்து போகிறவனிடமிருந்து எந்தத் திதி காக்கும்?

இக்கேள்வியை நேராக எதிர்கொண்டவர் கனடாவின் சார்லீன் சென். அறிமுகமானவனிடம் அபாயத்தை அடையாளம் காணவும், தயக்கத்தை உதறவும், சொல்லாலும் உடலாலும் எதிர்க்கவும் பன்னிரண்டு மணி நேரம் கற்பிக்கும் பயிற்சியை, மூன்று சர்வகலாசாலைகளின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடையே குலுக்கல் முறையில் அவர் குழு சோதித்தது. ஓராண்டில் வன்கலவிக்கு ஆளானோர், பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2 சதவீதம் என்று 2015-இல் அம்முடிவு வெளியாயிற்று.