மறைமலையடிகளின் புலன்கடந்த ஆராய்ச்சியும் உரையளவைச் சிக்கலும்

மறைமலையடிகளை (1876–1950) முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்ட புலவராகவும், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவராகவும் போற்றும் தமிழுலகம், இறப்புக்குப் பின் உயிரின் நிலை, அறிதுயில், மனவசியம், தொலைவிலுணர்தல் ஆகியவை பற்றி அவர் தனித்தனி நூல்கள் எழுதியதைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகிறது. சிங்கப்பூரின் மார்சிலிங்கிலோ லிட்டில் இந்தியாவிலோ தமிழ் பயிலும் ஒருவருக்கும் அடிகள் முதலில் அறிமுகமாவது தனித்தமிழ்த் தந்தையாகவே. எஞ்சிய நூல்களை அறிந்தவர்களுள்ளும், அவற்றைத் துறவுக்குப் பின் நேர்ந்த திசைமாற்றம் என்றோ, பெரும்புலவர் ஒருவரின் தடுமாற்றம் என்றோ ஒதுக்குபவர் உண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அந்நூல்கள் அடிகளின் சைவ சித்தாந்தப் பயிற்சியிலிருந்தே எழுந்தவை. அவற்றின் குறையும், சித்தாந்தம் வகுத்த ஓர் அளவையை, அதாவது அறிவுக்கான சான்றுமுறையை, அதற்குரிய எல்லைக்கு அப்பால் வழங்கியதில்தான் இருக்கிறது.

திசைமாற்றம் என்பதற்குக் காலவரிசையே இடம் தரவில்லை. 'மரணத்தின் பின் மனிதர் நிலை' 1911இல் வெளிவந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் ஆற்றிவந்த ஆசிரியப் பணியை அடிகள் விட்டதும், துறவு பூண்டதும் அதே ஆண்டில்தான். தனித்தமிழ் முயற்சியைவிட அந்நூல் ஐந்தாண்டு மூத்தது. 'யோக நித்திரை அல்லது அறிதுயில்' 1922இலும், 'மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி' 1927இலும், 'தொலைவிலுணர்தல்' 1935இலும் தொடர்ந்தன. இவற்றுக்கிடையே 1930இல் வெளிவந்ததுதான் 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூல். ஆகவே இலக்கிய ஆராய்ச்சியை விட்டு அடிகள் மறைபொருள் நாடிப் போனார் என்பது பொருந்தாது. இரண்டையும் அவர் ஒருங்கே செய்தார்.

உலகச் சூழலும் புலன்கடந்த ஆராய்ச்சிக்கு இசைவாகவே இருந்தது. புலனுக்கு எட்டாத நிகழ்ச்சிகளை முறையாக ஆராய்வதற்கான சங்கம் 1882இல் இலண்டனில் தோன்றியது. ஒருவர் உள்ளத்து எண்ணம் ஐம்பொறிகளின் துணையின்றி மற்றொருவர் உள்ளத்தை எட்டுவதாகிய தொலைவிலுணர்தலுக்கு அச்சங்கத்தைச் சேர்ந்த மையர்ஸ் அதே ஆண்டில் ஆங்கிலப் பெயரிட்டார். மெய்யியலார் வில்லியம் ஜேம்ஸும் இயற்பியலார் ஆலிவர் லாட்ஜும் அச்சங்கத்துக்குத் தலைமை தாங்கினர். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கோனன் டாயில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஆவியுலகக் கொள்கைக்காக வெளிப்படையாகவே வாதாடினார். ஆங்கில நூல்களைத் தேடித்தேடிப் படித்த அடிகளுக்கு இத்துறை வளர்ந்துவரும் அறிவியலாகத் தோன்றியதில் வியப்பில்லை. நான்கு நூல்களையும் ஒரே தட்டில் வைப்பதும் முறையன்று. அறிதுயில் என்று அடிகள் குறிக்கும் நிலை, பிறர் சொல்லால் தூண்டப்பெற்றுக் கவனம் ஒன்றிலே குவியும் நிலை. இந்தியாவிலேயே வங்காளத்து ஊக்ளியில் 1845இல் எஸ்டெயில் என்னும் அறுவை மருத்துவர், மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன்பே, இதற்கு முன்னோடியான வசிய முறையைக் கொண்டு நோயாளிகளின் வலியைக் குறைத்து அறுவை செய்தார். அறிதுயில் இன்று மருத்துவத்தில் தனக்கென ஓர் இடம் பெற்றுவிட்டது. தொலைவிலுணர்தலுக்கு அந்த இடம் கிட்டவில்லை.

ஆயினும் மேனாட்டுத் தாக்கம் மட்டுமே இந்நூல்களைத் தோற்றுவிக்கவில்லை. உயிர் தன் இயல்பில் எங்கும் நிறைந்தது; ஆணவம் என்னும் மலம் மறைத்திருப்பதால், உடல், பொறி, மனம் முதலிய கருவிகளின் வழியே சிறுகச் சிறுக அறிகிறது என்பது சித்தாந்தம். அவ்வாறாயின் கருவிகளின் எல்லை ஓரிடத்தில் தளரும்போது உயிர் தொலைவிலுள்ளதையும் உணரக்கூடும் என்று எண்ணுவதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிவிடுவது உயிரின் இயல்பு என்னும் கோட்பாடு, ஒருவர் சொல்லுக்கு மற்றொருவர் மனம் ஆட்படுவதை விளக்கவும் உதவுகிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து அவத்தைகளை, அதாவது உயிரின் நிலைகளை, கற்றவர் அறிதுயிலை ஆராயப் புகும்போது அதைப் புதுமையாகக் காண்பதில்லை. தாம் முன்பே அறிந்த வரிசையில் அதற்கு ஓர் இடம் தேடுகிறார். புலன்கடந்த ஆராய்ச்சியில் அடிகள் கண்ட கவர்ச்சி இதுவே: சித்தாந்தம் வெறும் நம்பிக்கையன்று, உலகத்தார் முன் மெய்ப்பிக்கத்தக்கது என்று காட்ட அது வழி தந்தது.

சிக்கல் தொடங்குவதும் இங்குதான். அருணந்தி சிவாசாரியாரின் சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அளவைகள் பல என்பாரையும் குறித்து, அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. அவற்றுள் உரையளவை இறைவன் அருளிய நூலுக்கு உரியது. பிழைபடக்கூடிய மனிதர் ஒருவரின் அனுபவக் கூற்றுக்கு உரியதன்று. அடிகளோ மேனாட்டு ஆராய்ச்சியாளர் தொகுத்த சாட்சியங்களைக் கையாளும்போது, சொன்னவரின் நன்மதிப்பையே சான்றாகக் கொள்ளும் அளவுக்கு உரையளவையின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். மாணிக்கவாசகர் காலத்தை முடிவுசெய்யச் சான்றுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, பிறர் முடிபுகளை அடுக்கடுக்காக மறுத்த அதே அறிஞர், தொலைவிலுள்ள உறவினரின் இறப்பை உணர்ந்ததாகச் சொல்லும் வகைச் செய்தியிடம் அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை. அடிகளின் 'தொலைவிலுணர்தல்' நூலுக்கு முந்தைய ஆண்டில், அதாவது 1934இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைன் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளை மறைத்துவைத்து என்ன குறி என்று கேட்பது அவர் முறை. வெறும் ஊகத்தாலேயே சராசரியாக 5 சரியாகும் என்பதால், அதற்கு மேல் எத்தனை என்பதே கேள்வி. ரைனின் முடிபுகளும் பின்னர்க் கடும் மறுப்புக்கு உள்ளாயின. ஆனால் மறுப்பதற்கு அங்கே ஓர் எண் இருந்தது. சாட்சியத்தில் அது இல்லை.

இக்குறையைச் சுட்டுவது அடிகளை மூடநம்பிக்கையாளர் ஆக்குவதாகாது. சிறுதெய்வங்களுக்கு உயிர்ப்பலி இடுவதையும் சாதி வேற்றுமையையும் அவர் அழுத்தமாகக் கண்டித்தார். பேயோட்டுவோர் பிழைப்புக்கும் அவர் ஆராய்ச்சிக்கும் உறவே இல்லை. சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு இதழும் தோன்றிய சூழலில், தமிழுணர்வும் பகுத்தறிவும் கைகோத்தே வளர்ந்தன. அச்சூழல் அடிகளின் தமிழை ஏற்று, அவர் உளவியல் நூல்களை விட்டுவிட்டது இயல்பே. எனினும் தமிழாய்வு அவ்வாறு பகுத்துக்கொள்ள இயலாது. அறிதுயில் நூலை மருத்துவ உளவியல் அறிந்தவரும், மற்ற மூன்றையும் சித்தாந்த அளவையியல் கற்றவரும், மாணிக்கவாசகர் ஆராய்ச்சியை அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் படிக்க வேண்டும். அப்பணியைத் தமிழகத்துப் பல்கலைக்கழகங்களோடு சிங்கப்பூர்த் தமிழாய்வாளரும் மேற்கொள்ள வேண்டும்.