முழுநேர அரசியல்வாதிகள்: மக்களாட்சிக்கு வரமா, சாபமா?

ரவாங்கில் ஒரு தெருவில் கால்வாய் அடைத்துக் கொண்டால், குடியிருப்பாளர்கள் செலாயாங் நகராண்மைக் கழகத்தில் புகார் செய்கிறார்கள். ஆனால், அந்தக் கழகத்தின் உறுப்பினர்களை அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில அரசாங்கம் நியமிக்கிறது. அரசியலையே தொழிலாகக் கொண்டவர்களால் மக்களாட்சிக்கு நன்மையா, தீமையா என்ற விவாதத்தை இந்தக் கால்வாயிலிருந்தே தொடங்கலாம்.

நம் சமுதாயத்திற்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தை 1955 முதல் 2008 வரை, 53 ஆண்டுகள், பிரதிநிதித்தவர்கள் இரண்டே பேர்.

முதலாமவர் துன் வீ.தி. சம்பந்தன். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவர். பல துறைகளில் அமைச்சர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த வேளையில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டங்களையே வாங்க வைத்தார். ஒரு தவணை இருந்துவிட்டுப் போகிறவரால் இது முடிந்திருக்குமா? அரசியலில் அனுபவத்திற்கு மதிப்பு உண்டு என்பதற்கு அந்தச் சங்கமே சாட்சி. ஆனால், அவரும் கட்சிக்குள் எழுந்த நெருக்குதலுக்குப் பிறகே தலைமையை விட்டார்.

அடுத்தவர் துன் ச. சாமிவேலு. 1974-இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1979 முதல் 2010 வரை கட்சித் தலைவர். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவர் காலத்துச் சாதனை. 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சாதாரண மக்கள் நம்பிப் போட்ட பணம் எதிர்பார்த்த பலனைத் தராததும் அவர் காலத்தில்தான். 2007 நவம்பர் 25-ஆம் தேதி ஹிண்ட்ராஃப் பேரணியில் மக்கள் கோபம் வெடித்தது. 2008 மார்ச் 8-இல், 1999-லும் 2004-லும் தம்மிடம் தோற்ற டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் அவர் தோற்றார்.

ஆக, நீண்ட காலம் இருப்பது மட்டும் குற்றமல்ல. புதியவர்கள் வரும் வழி அடைபட்டிருப்பதே குற்றம்.

அந்த வழி ஒரு காலத்தில் திறந்திருந்தது. 1952-இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் நடந்தது. சிறிய மன்றத்தில் பழகியவர் பெரிய மன்றத்திற்குப் போகலாம். சரியில்லாதவரை மக்கள் அங்கேயே நிறுத்திவிடலாம். 1965-இல், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதை ஆராய்ந்த அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சி மன்றங்களுக்கு மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1968-இல் அவரது ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கதவை முழுமையாகச் சாத்தியது.

அதன் பிறகு, ஊருக்கு உழைக்க நினைக்கும் ரவாங் இளைஞர் மன்றத்தில் அமர வேண்டுமானால், கட்சித் தலைவர்களின் தயவு வேண்டும். தெருவில் உள்ளவர்களின் ஓட்டு அங்கே செல்லாது. மேலே பார்த்தே வளர்ந்தவர், பதவிக்கு வந்த பிறகு கீழே பார்ப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

முழுநேர அரசியல்வாதி இருக்கட்டும். மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் உள்ள அனுபவம் அவருக்கும் வேண்டும். ஆனால், அவரை உள்ளே அனுப்பவும் வெளியே அனுப்பவும் மக்கள் கையில் ஓட்டு இருக்க வேண்டும், கால்வாய் தொடங்கி நாடாளுமன்றம் வரை.