மது அருந்துதலைக் கண்டறியும் சென்சார் கருவிகள்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மதுப் பயன்பாட்டுக் கோளாறு மூளையின் செயல்பாட்டை மாற்றும் ஒரு நோயாகும். இதனை ஒழுக்கக் குறைபாடாகக் கருதுதல் கூடாது; உரிய சிகிச்சையால் இதிலிருந்து மீள இயலும். சிகிச்சைக் காலத்தில் ஒருவர் மது அருந்தியுள்ளாரா என்பதை அறிய இன்று சென்சார் கருவிகள் உதவுகின்றன. நீலகிரி மாவட்டம் எமரால்டு போன்ற மலைக் கிராமங்களிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் வாழ்வோர் மருத்துவமனைக்கு அடிக்கடி சென்றுவருவது கடினம். அத்தகையோருக்கு இக்கருவிகள் துணைபுரியலாம். எனினும், கருவி எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

கருவிகள் எவ்வாறு செயல்படுகின்றன?

மூச்சுப் பரிசோதனைக் கருவி: போக்குவரத்துக் காவலர்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. மூச்சிலுள்ள மது கருவியின் உள்ளே வேதிவினைக்கு உட்பட்டுச் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனைக் கொண்டு இரத்தத்திலுள்ள மதுவின் அளவு கணக்கிடப்படுகிறது. மது கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும் தவறான அளவைக் காட்டக்கூடும். ஆகவே, 15 நிமிடங்கள் கழித்தே ஊத வேண்டும்.

தோல்வழிக் கருவி: அருந்திய மதுவில் ஏறத்தாழ 1 விழுக்காடு தோல் வழியாக வெளியேறுகிறது. கணுக்காலிலோ மணிக்கட்டிலோ அணியும் பட்டை இதனை நாள் முழுவதும் அளக்கிறது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முதல் நீதிமன்றக் கண்காணிப்பில் கணுக்கால் பட்டைகள் பயன்பட்டு வருகின்றன. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் இக்கருவியில் சற்றுத் தாமதமாகவே தெரியும். கை கழுவும் சானிடைசர், வாசனைத் திரவியம் ஆகியவையும் அளவீட்டைப் பாதிக்கலாம்.

கருவி பூஜ்யம் காட்டினால் ஆபத்து இல்லையா?

இவ்விடத்திலேயே பலர் தவறிவிடுகின்றனர். நாள்தோறும் மிகுதியாக அருந்தியவர் திடீரென நிறுத்தும்போது, உடலில் மது குறையக் குறைய விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. கருவி பூஜ்யம் காட்டும் வேளையே உயிருக்கு ஆபத்தான வேளையாகவும் இருக்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை கடும் மனக்குழப்பம் ஏற்படலாம்.

மலைப்பகுதியில் வாழும் நீங்கள், கை நடுக்கத்தைக் குளிரால் வந்தது எனக் கருதி விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த காலையில் ஒருவருக்கு உடல் வியர்த்துக் கைகள் நடுங்கினால், அவர் கடைசியாக எப்போது அருந்தினார் எனக் கேளுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

• வலிப்பு
• இல்லாத உருவங்களைக் காணுதல், குரல்களைக் கேட்டல்
• நாள், இடம், ஆள் அறியாத குழப்பம்
• காய்ச்சலுடன் கூடிய கடும் நடுக்கம்
• இரத்த வாந்தி

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்கவோ வாயில் எதையும் வைக்கவோ வேண்டா.

செய்ய வேண்டியவை

நாள்தோறும் மிகுதியாக அருந்துபவர் மருத்துவரின் ஆலோசனையின்றித் திடீரென நிறுத்துதல் கூடாது. முன்பு வலிப்பு வந்தவர்கள் மருத்துவமனையில் தங்கி நிறுத்துவதே பாதுகாப்பானது. விலகல் அறிகுறிகளுக்கான மாத்திரைகளும் தயமின் என்னும் வைட்டமின் பி1-உம் மருத்துவர் கூறும் அளவிலேயே தரப்பட வேண்டும். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பின்னர், மீண்டும் அருந்தாமலிருக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்பிரம் ஆகிய மருந்துகளுள் ஏற்றதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். டைசல்பிரம் உட்கொள்பவர் சிறிதளவு மது அருந்தினாலும் கடும் உடல் உபாதை ஏற்படும். எனவே, நோயாளி அறியாமல் அதனை உணவில் கலந்து கொடுப்பது ஆபத்தானது.

2019 ஆகஸ்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. இத்தகைய நாள்களில் சாலையும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்படலாம். கைப்பேசி வழியே தகவல் அனுப்பும் கருவியை மட்டும் நம்பியிராமல், மழைக்காலத்திற்கு முன்பே மருந்துகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் ஒப்புதல்

கருவியை நோயாளியின் விருப்பத்துடனேயே பயன்படுத்த வேண்டும். அளவீட்டை யார் காணலாம், மது தெரியவந்தால் என்ன செய்வது என்பவற்றை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சைத் தகவல்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக அளிக்கிறது. அளவீட்டை அக்கம்பக்கத்தாரிடமோ பணியிடத்திலோ பகிர்தல் கூடாது. மீண்டும் அருந்தியது தெரிந்தால், ஏசாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறியேயாகும்.

எங்கு உதவி பெறலாம்?

உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, மருத்துவ ஆலோசனை 104 ஆகிய எண்களையும் அழைக்கலாம். அவசர நிலையில் 108-ஐ அழையுங்கள்.