நெற்றி எழுத்தும் பெயர்ப் பட்டியலும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாடு கடத்தப்பெற்ற ஆயுட் கைதிகள் பலருடைய நெற்றியில் அவர்தம் குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது. தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அதனை மறைத்தோர் உண்டு. 1849இல் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது. வழக்கம் ஒழிந்ததேயன்றி அதன் நோக்கம் ஒழியவில்லை.

1994 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எதிர்வீட்டானால் கெடுக்கப்பட்டுக் கொலையுண்டாள். அவன் முன்னரே சிறார் மீதான குற்றங்களுக்காக இருமுறை தண்டனை பெற்றவன் என்பதைப் பெற்றோர் அறியார். அறிந்திருந்தால் மகளைக் காத்திருப்போம் என்று அவர்கள் கதறியதில் நியாயம் இல்லை என்று யார் சொல்லக்கூடும்? அக்டோபரிலேயே அம்மாநிலத்திலும், 1996இல் நாடு முழுமைக்கும், அச்சிறுமியின் பெயரால் மேகன் சட்டம் வந்தது.

தண்டனையின் மேல் தண்டனையன்றோ இது என்னும் வழக்கு அலாஸ்காவிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2003இல் நீதிபதிகள் ஒன்பதின்மருள் அறுவர், இது தண்டனையன்று, பொதுமக்கள் காப்புக்கான ஏற்பாடே என்றனர். ஆகவே சட்டம் தோன்றுமுன் குற்றம் செய்தவனையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றாயிற்று. சட்ட நூற்படி இது சரியாகலாம். வேலையும் வாடகை வீடும் கிடைக்காதவனிடம் இந்த வேறுபாட்டை விளக்குதல் எளிதன்று.

இங்கிலாந்தில் 1997 முதல் பட்டியல் காவல் துறையின் கையில் மட்டுமே இருந்தது. 2000 ஜூலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொலையுண்டபின், ஞாயிறு ஏடு ஒன்று குற்றவாளிகளின் பெயரையும் படத்தையும் வெளியிடத் தொடங்கியது. ஆகஸ்டில் போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் மக்கள் இரவுதோறும் திரண்டனர்; கல்லெறிந்தனர்; கார்களை எரித்தனர். குற்றமற்ற குடும்பங்களும் வீடு விட்டோடின. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் குழந்தை மருத்துவர் ஒருவரின் வீட்டில் இழிசொல் எழுதப்பட்டது. அம்மருத்துவத் துறையின் பெயரும் அக்குற்றத்தின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் தொடங்குவதே காரணம் எனப்பட்டது. எழுத்தறிவுக் குறையின் விலையை ஆசிரியர்கள் இதனினும் தெளிவாகக் காணல் அரிது.

சிறாரைக் கெடுப்போருள் பெரும்பாலோர் அச்சிறார் அறிந்தவரே. உறவினரும் அவருள் உளர். தந்தையின் பெயரை அச்சிட்டால் மகளின் பெயரையும் ஊர் படித்துவிடும். அவள் கேட்டதா அது?

2008இல் இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் வேறொரு வழி சோதிக்கப்பட்டு, 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிந்தது. ஐயுற்ற பெற்றோர் காவல் துறையைக் கேட்கலாம். தேவையெனக் கண்டால், குழந்தையைக் காக்கும் நிலையில் உள்ளவரிடம் மட்டும் சொல்வர். கேட்டவர் அதனைப் பிறரிடம் சொல்லலாகாது.